ஐம்பத்துநான்காவது ஆள்

கோப்புகள் ஐம்பத்துமூன்று. சுவர் அட்டவணையில் பிள்ளைகள் ஐம்பத்துநான்கு.

அனிக்கா மூன்றாவது தடவையாக எண்ணினாள். இடிக்கத்தான் செய்தது.

பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக இந்தப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. பிள்ளையைக் கணக்குப் பாடத்திலிருந்து கூப்பிட்டால் டீச்சர் முறைக்கிறாள். விளையாட்டு நேரத்தில் கூப்பிட்டால் பிள்ளையே முறைக்கிறது. வண்ணச் சீட்டுகளை ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டி, ஒருவழியாக எல்லாரையும் அடக்கிவிட்டாள். இரண்டாம் வகுப்பு ஓவனின் சீட்டு மட்டும்தான் நேரம் கிடைக்காமல் அட்டவணை ஓரத்தில் தொங்கியது. அவனுடைய அம்மா தினமும் போன் செய்கிறாள்.

ஓவனுக்கு ஒத்துவருவது ஒரே நேரம், வெள்ளிக்கிழமை இரண்டே முக்கால். அங்கேதான் அந்த ஐம்பத்துநான்காவது ஆள் உட்கார்ந்திருந்தது.

ஜே.கே.

இவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்து, கோடை விடுமுறையில் திடீரென்று இறந்துபோன மிஸஸ் ஹோல்கம் எழுதிவைத்தது. பிள்ளைகளின் முழுப்பெயரைச் சுவரில் எழுதக் கூடாது என்பதால் எல்லாருமே இரண்டெழுத்துதான். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் கோப்பு இருந்தது. ஜே.கே.வுக்கு இல்லை. பள்ளியில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் பட்டியலையும் அலசிவிட்டாள். அப்படி ஒரு பிள்ளையே கிடையாது.

பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா லோரெய்னிடம் கேட்டாள்.

"அந்தக் கட்டத்துல மட்டும் கைய வைக்காத கண்ணு. நாலு வருஷமா அப்படியேதான் இருக்கு, பிரின்சிபால் உத்தரவு. யாரு என்னன்னு எனக்கு என்னத்தத் தெரியும்? அந்த நேரத்துல மிஸஸ் ஹோல்கம் கதவச் சாத்திக்குவாங்க, அவ்வளவுதான்."

கதவைச் சாத்திக்கொண்டு! இல்லாத பிள்ளையை இருப்பதாகக் காட்டி, அரை மணி நேரம் ஹாயாகக் காலை நீட்டியிருக்கிறார்கள். பிரின்சிபாலும் உடந்தை. அதெல்லாம் அவர்கள் பாடு. ஆனால் மாதக் கடைசியில் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப்போவது இவள் அல்லவா? முதல் வருஷத்து உரிமம். ஒரு பொய்க் கையெழுத்து போதும், பிழைப்பில் மண் விழ.

பிரின்சிபால் கெஸ்லர்மேல் முதல் நாளிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்தான். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். காலை அறிவிப்பை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுவார். எதைக் கேட்டாலும் துண்டுச் சீட்டில்தான் பதில் வரும். திங்கட்கிழமை வராந்தாவில் வழிமறித்து, "ஜே.கே. யாரு சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். எங்கேயோ பார்த்தார், இருமினார், விறுவிறுவென்று போயே போய்விட்டார்.

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சீட்டு வந்தது. 'அந்த நேரம் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நேரில் சொல்கிறேன்.'

நேரில் வந்து மிரட்டுவார், வேறென்ன?

ஆகவே இன்று, வெள்ளிக்கிழமை, அவர் வருவதற்குள் முந்திக்கொண்டாள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் தயார். இல்லாத பிள்ளை, சாத்திய கதவு, நாலு வருஷம், எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'நேரில் கேட்டால் நழுவுகிறார், சீட்டு எழுதியே சமாளிக்கிறார்.' இரண்டு நாற்பதுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். மனசு லேசானது.

இரண்டே முக்காலுக்குக் கதவைத் தட்டினார்கள்.

கெஸ்லர். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அவர் மிரட்டவில்லை. வாயசைவைப் பார்த்துப் பழகும் கண்ணாடிக்கு எதிரே பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், ஆறடி உடம்பை மடக்கி உட்கார்ந்தார். பழகிய இடம்போல.

"மி... மி... மி..."

கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நடுங்கியது. "மிஸ்" என்ற ஒற்றைச் சொல் வெளியே வருவதற்குள் அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

திக்குகிறவர் தொடங்கிய சொல்லை நாம் முடித்துவைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். ஆறு வருஷம் இதைத்தான் படித்தாள். காத்திருந்தாள். பிள்ளைகளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்த தன் புத்தியை நினைத்துக் காதெல்லாம் கொதித்தது.

"ஜெ... ஜெரோம் கெஸ்லர். அது நா... நான்தான். மிஸஸ் ஹோல்கமத் தவிர யா... யாருக்கும் தெரியாது. ஓவனுக்கு இந்த நேரத்தக் கு... குடுத்திடுங்க. நான் ஸ்கூல் வி... விட்டப்புறம் வரேன். வ... வரலாமா?"

"வாங்க சார்" என்றாள்.

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தாள்.

மேசைமேல் கணினி டிங் என்றது. மாவட்டக் கல்வி அலுவலகம்.

'தகவலுக்கு நன்றி. திங்கள் காலை ஒன்பது மணிக்கு விசாரணைக்கு வருகிறோம். கெஸ்லரிடமிருந்து எழுத்தில் எதையும் ஏற்கமாட்டோம். ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று, அவர் வாயாலேயே சொல்லட்டும்.'