சுகர் இல்லாத டிரைவர்

"மாஸ்டர், டீயில சக்கர தூக்கலா! அப்டியே நாலு ஜிலேபி குடு."

உத்திரமேரூர் கார் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எப்பவும் சர்க்கரை போடாத டீ குடிக்கிற வேதகிரியா இப்படிக் கேட்கிறார்?

காரணம், எதிரே உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் தமிழ்ச்செல்வி. வேதகிரியின் வாடகைக் காருக்கு இன்றோடு இன்சூரன்ஸ் முடிகிறது. அவர் மச்சான் மெடிக்கல் பாலிசி எடுக்கப் போனபோது, சுகர் என்றதுமே தொகையை ஏற்றிவிட்டார்கள். தனக்கும் சுகர் என்று தெரிந்து காருக்கும் அப்படி ஏற்றினால் கட்ட வழியில்லை. வண்டியை விற்றுவிட்டு யாரிடமாவது சம்பள டிரைவராகப் போகவேண்டியதுதான்.

அதனால்தான் இந்த ஜிலேபி நாடகம். மனுஷனுக்கு வந்த யோசனையைப் பாருங்கள்!

"நல்லா இருக்கீங்களாண்ணா?" தமிழ்ச்செல்வி சும்மா மரியாதைக்குத்தான் கேட்டாள்.

"எனக்கு இன்னா மேடம்? கல்லு மாதிரி கீறேன்!"

முதல் ஜிலேபி உள்ளே போனது. இரண்டாவதுக்குக் கையை நீட்டினார்.

பக்கத்தில் நின்றிருந்த ஜான்சன் தட்டை வெடுக்கென்று இழுத்தான். அவனும் அதே ஸ்டாண்டில் கார் ஓட்டுகிறவன்.

"மேடம், இந்தாளுக்கு சுகர் கீது. டெய்லி ஊசி போட்டுக்கினு கீறாரு."

வேதகிரிக்கு முகம் செத்துப் போச்சு.

"அடப்பாவி! உன்ன நான் இன்னாடா பண்ணேன்? என் சவாரி மேல உனுக்கு அவ்ளோ கண்ணா? பொயப்புல மண்ண போட்டுட்டியேடா!"

மற்ற டிரைவர்களும் கூடிவிட்டார்கள்.

"இன்னா ஜான்சா, கூட ஓட்டறவனையே போட்டுக் குடுப்பியா? தூ!"

ஜான்சன் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அண்ணா, மொதல்ல உக்காருங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. "சுகருக்காக கார் இன்சூரன்ஸ் ஏறாது. வண்டிய பார்த்துதான் பிரீமியம் போடுவாங்க. என்ன மாடல், எந்த வருஷத்து வண்டி, ஏதாவது கிளைம் எடுத்திருக்கீங்களா, அதுங்கதான் முக்கியம்."

"ஏ... ஏறாதா மேடம்?"

"ஒரு ரூபா கூட ஏறாது. நீங்க கிளைமே எடுக்கல, அதுக்குத் தள்ளுபடி வேற இருக்கு."

போனைத் திருப்பிக் காட்டினாள். போன வருஷத்தைவிடக் குறைச்சல்!

அப்பாடா! வேதகிரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தாரே, பாவம். அங்கேயே பணத்தைக் கட்டினார். பாலிசி போனில் வந்ததும் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சவாரி வந்து, ஜான்சன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதைப் பார்த்ததும் வேதகிரிக்கு மறுபடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏறல, அது என் நல்ல நேரம் மேடம். ஏறியிருந்தா? என்ன கவுக்கத்தான சொன்னான் அவன்? இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

தமிழ்ச்செல்வி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காலையில ஒருத்தர் எனக்கு போன் பண்ணாருண்ணா. 'ஒரு டிரைவருக்கு சுகர் கீது, அது தெரிஞ்சா வண்டி இன்சூரன்ஸ் ஏறுமா'ன்னு கேட்டாரு. ஏறாதுன்னேன். நல்லா தெரியுமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. யாருக்குன்னு கேட்டதுக்கு மட்டும் மூச்சு விடல."

"யாரு மேடம் அது?"

"ஜான்சன்தான். ஏறும்னு நான் சொல்லியிருந்தா, இன்னைக்கு அவரு வாயையே தொறந்திருக்க மாட்டாருண்ணா."