கனமானது எது?

கடையின் உத்தரத்தில் தொங்கிய இரும்புக் குழாயின் அடியில் துளைபோடும் காந்த டிரில்லை வைத்துக் கடைக்காரர் ரபேல் சுவிட்சைப் போட்டார். அது வெறிநாய் போலக் குழாயைக் கவ்விக்கொண்டது.

“கரண்ட் போனா?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“காந்தம் விட்டுடும்மா. அதுக்குத்தான் இந்தச் சங்கிலி. குழாயோட சேத்துக் கட்டிட்டா விழாது.”

“கட்டாமக் காட்டுங்க.”

அவர் தயங்கினார். பிறகு ஒதுங்கி நின்று பிளக்கைப் பிடுங்கினார். டிரில் விழுந்ததில் கீழே கிடந்த பலகை இரண்டாகப் பிளந்தது. தலை அவ்வளவுகூடத் தாங்காது. அவள் குனிந்து பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர் தலைக்கு மேல துளை போடறப்ப இப்படித்தான் செத்தாரு. வேலை தாமசமாகுதுன்னு சூப்பர்வைசர் தங்கராசு சங்கிலி கட்ட விடல. இதவிட கனமானது இருக்கா?”

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தோள் இறங்கிப்போன ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான். அவரு வேலைய எனக்கே குடுத்துட்டாங்க. நாளைக்கு நான் சாரத்து மேல. தங்கராசு கீழ நின்னு வேலை வாங்குவான்.”

ரபேல் டிரில்லோடு பெட்டிக்குள் வைத்த சங்கிலியை அவள் வெளியே எடுத்து, மேசைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.