அளவு ஜாக்கெட்டின் பெருமை

தையல் மேஜையில் விரித்துப் போட்டிருந்த பச்சைத் துணி ஓரத்தைச் சுருட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்தரி வந்துவிடும். அதன் மேலே, அளவுக்காக மரகதம் கொடுத்தனுப்பிய பழைய ஜாக்கெட் ஜம்பமாகப் படுத்திருந்தது.

"என்னை மாதிரியே வெட்டினாப் போதும். ஆறு வருஷமா நான்தான் அளவு," என்றது ஜாக்கெட்.

"ஆறு வருஷமா? சாயமே போகலையே அக்கா! கடைசியா எப்போ உங்களைப் போட்டாங்க?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு. அட்சதை போடக் கையைத் தூக்கினா, ரெண்டு கொக்கி தெறிச்சுது. அன்னைக்கு பீரோவுக்குள்ள போனவதான்."

"அப்போ அளவே தப்பு!"

"வாயை மூடுடி. நான் சரியாத்தான் இருக்கேன். மரகதம்தான் பெருத்துட்டா."

பீரோவில் முடங்கத் துணிக்கு இஷ்டமில்லை. கோடு போட வந்த சாக்பீஸிடம், "அண்ணே, உங்க காலைப் பிடிக்கிறேன், ரெண்டு விரல் தள்ளிப் போங்க," என்று கெஞ்சியது.

"எனக்கு ஏது கால்?" என்று சிரித்த சாக்பீஸ், டெய்லர் கையிலிருந்து வழுக்கி வழுக்கித் தள்ளியே போனது. கத்தரியும் அந்தக் கோட்டிலேயே போனது.

பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மரகதம் பஸ் கம்பியைப் பிடித்தாள், ஒட்டடை அடித்தாள். துவைத்துக் காய்ந்ததும் மறுபடி அதையே எடுத்தாள்.

தீபாவளிக்கு அடுத்த துணி வந்தது. பச்சை கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பீரோவில் சும்மா கிடந்த பழையதை எடுத்து மரகதம் பைக்குள் திணித்தாள்.

"பார்த்தியாடி," என்று கொடியைப் பார்த்துக் கத்தியது அது. "இப்பவும் நான்தான் அளவு!"