நிற்கிற வீடு

உங்கள் வீடு இடியாமல் நிற்கிறதே என்று நீங்கள் எப்போதாவது வருத்தப்பட்டிருக்கிறீர்களா? செலஸ்டின் வருத்தப்பட்டார்.

கடற்கரைக்கு மேலே மேட்டில் காலநிலைக் கல்லூரி வந்திருந்தது. படித்து முடித்தால் வேலை நிச்சயம். ஆனால் கடல் யாருடைய வீட்டை எடுத்ததோ அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். அதுதான் நியாயம் என்று ஊரும் ஒப்புக்கொண்டது. செலஸ்டினோ வீட்டின் முன்னால் தன் கையாலேயே பாறைகளை அடுக்கியிருந்தார். அதனால் வீடு நின்றது. மகள் ஜெனிட்டாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

"ஒம்ம வீடு கோட்டை மாதிரி நிக்குது. ஒமக்கு என்ன குறை ஓய்?" என்று கல்லூரி வாசலில் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

கடல் பொங்கத் தொடங்கிய சாயங்காலம் அவர் கடப்பாரையை எடுத்து அந்தப் பாறைகளைப் புரட்டினார். ஜெனிட்டா ஓடிவந்தாள்.

"யப்பா, கடலு வீட்டுக்குள்ள வராம தடுக்கத்தானே நான் படிக்கணும்னு சொன்னேன்?"

"படிச்சிட்டு வந்து தடு மக்ளே. இப்போ அந்தப் பக்கம் பிடி."

அவள் பிடித்தாள்.

மறுநாள் காலை அவர்கள் வீடு இல்லை. அந்தப் பாறைகளுக்குப் பின்னால் இருந்த இன்னும் நான்கு வீடுகளும் இல்லை. ஆட்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்திருந்தார்கள். கல்லூரி ஐந்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.