வீரனின் வேதனை

"தூக்கறதா வேணாமான்னு சார் சொல்லட்டும். அவரு தூக்குன்னா இன்னைக்கே தூக்கிடுவேன். அப்பறம் நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது" என்றான் கண்ணாயிரம்.

தூக்குவதாகச் சொன்னது கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பழைய விளையாட்டை. செங்கம் சாலையில் அவனும் ரேணுகாம்பாளும் நடத்திய பிரவுசிங் சென்டரில், ஓரத்துக் கம்ப்யூட்டருக்கு வயது ஜாஸ்தி, உள்ளே இடம் கம்மி. பையன்கள் கேட்கும் துப்பாக்கி விளையாட்டைப் போடுவதென்றால் இதை அழித்தே ஆக வேண்டும்.

மத்தியானத்தில் கூட்டம் ஓய்ந்ததும் ரேணுகாம்பாள் தனியாகப் போய்வரும் ஊர் அந்த விளையாட்டு. அங்கே எந்நேரமும் அந்திதான். வயல்மேல் பனி படுத்திருக்கும். சத்திரத்து ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். நடுவே கரிய மலை, அதன் தோளில் தேயாத நிலா. எங்கிருந்தோ ஒரு குழலோசை வரும். முடிந்துவிட்டதோ என்று நெஞ்சு ஏங்கும்போது மறுபடி தொடங்கும். கல்யாணமானதிலிருந்து கண்ணாயிரம் அவளைக் கூட்டிப்போன வெளியூர் வேலூர் ஒன்றுதான். அதுவும் மானிட்டர் ரிப்பேருக்கு. இந்த ஊரும் போய்விட்டால் மத்தியானங்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சார் என்பவர் அப்பாதுரை. சென்னையிலிருந்து வரும் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழில் விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறார். எழுத ஆரம்பித்த பிறகு டீயைக்கூட ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். டீக்கடைக்காரர் தீர்ப்புக்காகக் கரண்டியோடு நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பாதுரை நாற்காலியில் அமர்ந்து, விரல்களைச் சொடுக்கெடுத்தார்.

"பத்து வருசப் பழசு. இப்போ இத ஒருத்தன் ஆடலாமா, கூடாதா? அதான் கேள்வி. படம் கட்டம் கட்டமா தெரியுது பாருங்க, மொதல் மைனஸ்."

"மொதல்லேர்ந்து ஆடறீங்களா சார்?"

"எதுக்கு? யாரோ பாதியில நிறுத்தி வச்சிருக்காங்களே, அதுலேர்ந்து போறேன். நடுவுல நுழைஞ்சாத்தான் ஒரு விளையாட்டோட யோக்கியதை தெரியும்."

"அது நான் நிறுத்துனது சார்" என்றாள் ரேணுகாம்பாள் மெதுவாக.

"பரவால்லம்மா" என்று மன்னித்தார்.

திரையில், மலையடிவாரத்தில், வாளோடு ஒரு வீரன் நின்றிருந்தான். அப்பாதுரை அவனை மலை இடக்கைப் பக்கம் வரும்படி திருப்பினார்.

"சார், சார்! மலை வலக்கைப் பக்கம் இருக்கட்டும்."

"ஏன், இந்தப் பக்கம் பூதம் கீதம் இருக்கா?"

"இல்ல... அப்படிப் போனாத்தான் நல்லாருக்கும்."

நுணுக்கம் ஏதோ இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, அவர் வீரனைத் திருப்பி நடக்கவிட்டார். பனி விலகி வழிவிட்டது. குழல் ஊதியது. வாசலுக்கு வெளியே, பௌர்ணமிதோறும் ஊரே வலம்வரும் நிஜ மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. திரைக்குள் இருந்ததோ குளிர்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் சொருகியது.

"ஐயையோ, உசுரு கொறையுதே!" என்றார் அப்பாதுரை.

விழித்துப் பார்த்தாள். வீரனின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டிருந்தது. அடிப்பவன் யாரையும் காணோம். அம்பு இல்லை, புலி இல்லை. நின்றால் கோடு நின்றது. நடந்தால் குறைந்தது. வீரன் மெல்ல முனகினான்.

"கோளாறு சார் இது. தூக்கிடலாமா?" என்ற கண்ணாயிரத்தின் கை மவுசை நோக்கிப் போனது.

அப்பாதுரை அவனைக் கையமர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடையில் இதே முகத்தோடு ஒருமுறை, "கழனித்தண்ணி" என்று சொல்லியிருக்கிறார்.

"யோவ் கண்ணாயிரம், கோளாறா இது? தத்துவம்யா! எதிரி இல்ல, அடி இல்ல, நடக்கறதே வலி. பொறந்தவன் நடந்துதான் ஆவணும். நடந்தா தேஞ்சுதான் ஆவணும். இன்னைக்கு வர்ற எந்த விளையாட்டுல இந்த ஆழம் இருக்கு, சொல்லு?"

"அப்போ... தூக்க வேணாமா சார்?"

"தூக்கறதா? கையெடுத்துக் கும்புடு. இத செஞ்சவன் ஞானி. 'வீரனின் வேதனை'ன்னு தலைப்புப் போட்டு எழுதறேன். எல்லாரும் ஆடியே ஆவணும்." சட்டென்று ஒரு சந்தேகம் வந்து திரும்பினார். "ஏம்மா, நீ இதுல எதையாவது மாத்தி கீத்தி வச்சியா?"

"நான் இன்னாத்த சார் மாத்தப் போறேன்? சுத்துவேன், அவ்ளோதான்."

கண்ணோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றியபடி அப்பாதுரை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

கண்ணாயிரம் முதல்முறையாக அந்த விளையாட்டின் முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்தான். வீரனை நாலடி நடக்கவிட்டான். கோடு குறைந்தது.

"இவ்ளோ நாளா இது புரியலயே ரேணு! பாரு, இவன் ஜென்மமே வலியா இருக்குது."

"ஜென்மமெல்லாம் இல்லீங்க, கால்தான் வலிக்குது. கல்லு குத்துதில்ல?" என்று ரேணுகாம்பாள் அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். "பூட்ஸ நான்தான் கழட்டி அவன் மூட்டையில போட்டு வச்சேன். மலைய சுத்தறப்போ யாருனா செருப்பு போட்டுக்குனு போவாங்களா?"