கரி பிடித்த சென்சார்

பட்டறைக் குழியின் மேல் நின்ற காருக்கு அடியில் புகுந்து, ராசாங்கம் புகைக்குழாயிலிருந்த ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினான்.

குழியின் விளிம்பில் கிருஷ்ணமூர்த்தி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். கார் அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை ராசாங்கம் அதற்கு டிரைவர்.

வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்பதுதான் புகார். வேறு பட்டறைகளில் பிளக் மாற்றிப் பார்த்தார்கள், ஃபில்டர் மாற்றிப் பார்த்தார்கள். தீரவில்லை. வேறு வழியில்லாமல் நேற்று சாயங்காலம் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே புகார்தான்.

அப்போது அவர் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. இந்தப் பட்டறைக்கு எதிரே இருக்கிற பெட்ரோல் பங்கில், வண்டிகள் வரிசையில் நிற்க, செருப்பைக் கழற்றி ராசாங்கத்தை அடித்தார்.

"எம் பெட்ரோலயே வித்துத் திங்கிறியாடா?"

ராசாங்கத்தின் கைகளைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தவன் தமிழரசன். கிருஷ்ணமூர்த்தியுடைய மனைவியின் தம்பி.

பங்கை ஒட்டிய நிறுத்தத்தில், பள்ளிக்கூடம் போவதற்காக, ராசாங்கத்தின் மகள் அனிதா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

அதன் பிறகு ஊரில் யாரும் அவனை நம்பி வண்டிச்சாவி கொடுக்கவில்லை. இந்தப் பட்டறையில் சேர்ந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அனிதா அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் பஸ் ஏறினாள். அப்பாவிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. எடுத்தாயா, எடுக்கவில்லையா என்றுகூட.

செருப்படியைவிட அதுதான் வலித்தது.

குழியிலிருந்து ஏறி வந்து உள்ளங்கையை விரித்தான். சென்சாரின் முனை அடுப்புக்குள் கிடந்ததுபோல் கன்னங்கரேலென்று இருந்தது.

"இது செத்துப்போச்சு. பொகையப் பாத்து, பெட்ரோல் கூடவா போவுது, கொறச்சலா போவுதான்னு இன்ஜினுக்குச் சொல்றது இதுதான். இது செத்துட்டா இன்ஜின் கண்ணு தெரியாம கொட்டித் தீக்கும்."

"எத்தன நாளா இப்புடி?"

"நான் ஓட்டுனப்பவே இப்புடித்தான் இருந்துருக்கணும்."

கிருஷ்ணமூர்த்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டு முகத்தை விட்டு இறங்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ராசாங்கம்" என்றார் மெதுவாக.

"பங்குக்கு வந்து சொல்லுங்க."

"இங்கயே சொல்லிட்டேனேப்பா."

"இங்க வச்சு நீங்க அடிக்கலியே."

சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற இடைவெளி பார்த்து இருவரும் சாலையைக் கடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் வருகிற நேரம். இன்றைக்குப் பங்க் நிறுத்தத்திலேயே இறங்கு என்று காலையில் அனிதாவிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் இறங்கி, புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

கிருஷ்ணமூர்த்தி ஏதோ முனகினார்.

ராசாங்கம் குனிந்து வலது காலிலிருந்த செருப்பைக் கழற்றினான். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பெட்ரோல் போடுகிற பையன்கள் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினார்கள்.

அடியில் குத்தியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"காதுல விழல" என்றான்.

"இவன் எடுக்கல!" கிருஷ்ணமூர்த்தியின் குரல் உடைந்தது. "வண்டியிலதான் கோளாறு. நான் அநியாயமா அடிச்சுப்புட்டேன்."

மொபெட்டில் இருந்த ஒருவர் நன்றாகக் கேட்பதற்காக இன்ஜினை அணைத்தார்.

அனிதா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் பார்க்க, கிரீஸ் படிந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசாங்கம் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டான். இருந்தும் நெஞ்சில் எரிந்தது அணையவில்லை.

பட்டறைக்குத் திரும்பிப் புது சென்சாரை மாட்டினான். நேற்று ராத்திரியே போனில் சொல்லிவைத்து, காலையில் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தது. அதே நாலு ஒயர், அதே பிளக். மலிவாகக் கிடைக்கிற டூப்ளிகேட் வேண்டாம், கம்பெனி சாமான்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தான். கிருஷ்ணமூர்த்தி பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வண்டியை எடுத்துப்போகத் தமிழரசன் வந்தான். ராசாங்கத்துக்குப் பிறகு அதை ஓட்டுகிறவன் அவன்தான். அதற்கு முன்பும் ராத்திரியில் கார் நிற்பது அவன் வீட்டு வாசலில்தான்.

ராசாங்கம் சாவியை அவனிடம் கொடுத்தான். ஆனால் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்துத்தான் பேசினான்.

"எல்லாம் புதுசு. இனிமே பெட்ரோல் கொறஞ்சா வண்டியக் குத்தம் சொல்ல முடியாது. ஓட்டுற ஆளத்தான் பாக்கணும்."

கரி பிடித்த அந்த சென்சார் இந்தக் காருடையது அல்ல.

நேற்று சாயங்காலம் கழற்றிப் பார்த்தபோது இதனுடையது சாம்பல் நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அப்படியானால் பெட்ரோல் எங்கே போகிறது என்று டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தான். அதன் கிளிப், பெட்ரோலை இறக்குவதற்காக யாரோ கழற்றிக் கழற்றி மாட்டியதில் தேய்ந்து பளபளத்தது.

அதைச் சொல்லியிருந்தால் கிருஷ்ணமூர்த்தி மச்சினனை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்திருப்பார். பங்குக்கு வந்திருக்க மாட்டார். அதனால் பட்டறைக் கழிவில் கிடந்த ஒரு செத்த சென்சாரை எடுத்து மாட்டிவைத்தான்.

கிருஷ்ணமூர்த்தி ராசாங்கம் சொன்னதை யோசித்தபடியே தலையை நிமிர்த்தி மச்சினனைப் பார்த்தார்.

"வண்டி இனிமே நம்ம வூட்டுலயே நிக்கட்டும், தமிழு" என்றார்.

தமிழரசன், "எதுக்கு மாமா?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.