ஏலக்காய் வாசம்

“மாதா சுரூபம் நாளைக்குப் பொன்மணி வீட்டுக்குப் போகக் கூடாது.”

செபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில் கிருபா இப்படிச் சொன்னதும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாரணாபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. அக்டோபர் மாதம் முழுக்க அந்த மாதா சிலை நாளுக்கொரு வீடாகப் போகும். இன்று கிருபா வீட்டில் இருக்கிறது. நாளைக்குப் பொன்மணி முறை.

“ஏன்க்கா?” பொன்மணி சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள். “எம் மூத்தவன் பேருக்கு வீட்டுல வச்சு ஒரு செபமால சொல்லணும்னு வருசம் பூரா காத்துக்கெடக்கேன்.”

“ஒயின்ஷாப்பு வரிசையில ஆம்பளைகளோட நிக்கியே, அது ஏன்னு மொதல்ல சொல்லு. நேத்துப் பஸ்ஸுல இருந்து இந்தக் கண்ணால பாத்தேன்.”

“அங்கன பொம்பளைகளுக்குத் தனி வரிசை போட்டுட்டாகளாக்கா?” என்று ஞானதீபம் கேட்க, ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

பொன்மணி மறுக்கவில்லை. “தினமும்தான் நிக்கேன். வீட்டுக்காரருக்கு வாங்க.”

“சொல்ல வெக்கமா இல்ல? வீட்டுல சின்னவன் இருக்கான். அவன் எதப் பாத்துப் படிப்பான்? எம் மவன் ஜெப்ரினப் பாரு, பதினேழு வயசாச்சு. பாக்கு, கீக்குன்னு ஒரு பழக்கம் கிடையாது. வாயில எப்பவும் ஏலக்காய்தான். கிட்ட வந்தாலே மணக்கும்.”

பொன்மணி கிருபாவையே பார்த்தாள். பிறகு, களைத்துப்போன குரலில் சொன்னாள்.

“பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற ரூம்லதான அவருக்கு வேல. உங்க வீட்டு அண்ணனுக்கும் அங்கனதான். ஒயின்ஷாப்புப் பக்கம் தல தெரிஞ்சாப் போதும், மறுநாள் போர்மேன் உள்ள விட மாட்டாரு. அதனால அந்த ரூம் ஆம்பளைக யாரும் கடைக்குப் போறதில்ல. பிள்ளைகள அனுப்பிருவாக.”

“பிள்ளைகளுக்கு எப்படிக் குடுப்பான்? இருபத்தோரு வயசு ஆகணும்னு போர்டு இருக்குல்ல?”

“போர்டு தொங்குதுக்கா. அப்பாவுக்குன்னு சொன்னா குடுத்துருவாக. எங்க வீட்டுல மூத்தவன்தான் போனான். வாங்கிட்டு வர்ற பய வழியில மூடியத் தொறந்து கொஞ்சங் கொஞ்சமாப் பழகியிருக்கான். பைக்கோட ரோட்டுல கெடந்த அன்னைக்குத்தான் டாக்டர் சொன்னாரு, குடிச்சிருக்கான்னு.”

சுண்டல் தட்டுகள் அப்படியே இருந்தன. அந்தச் சாவுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். வண்டி சறுக்கிவிட்டது என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள். பத்தொன்பது வயசு.

“அவருகிட்ட அழுது பாத்தேன், சண்ட போட்டேன், மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். குடிய விடல. சரி, சின்னவனாவது அந்த வாசல மிதிக்க வேண்டாம்னு நானே போயி நிக்கேன். பாக்குறவுக என்ன வேணா நெனச்சுக்கிடட்டும்.”

“பெத்தவளுக்கு வாடை கூடவா தெரியாமப் போச்சு?” கிருபாவின் குரல் இறங்கியிருந்தது.

“எப்படிக்கா தெரியும்? கிட்ட வந்தா ஏலக்காய்தான மணந்துச்சு.”

ஒவ்வொருத்தராக மாதாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பொன்மணி மட்டும் தட்டுகளைக் கழுவி வைப்பதுபோல அடுப்படியில் நின்றுகொண்டாள்.

கிருபா அவளிடம் வந்தாள்.

“நாளைக்கு மாதாவ நானே தூக்கிட்டு வாரேன் பொன்மணி. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு லாரி டிரைவரு யாரோ வாங்கிக் குடுக்காருன்னுல்ல இம்புட்டு நாளும் நெனச்சேன்...”

பொன்மணி வாசலை எட்டிப் பார்த்தாள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நேத்துப் பஸ்ஸுல இருந்து என்னைய மட்டுந்தான் பாத்திருக்கீகக்கா. எனக்குப் பின்னால ஜெப்ரின் நின்னான்.”